‘லாமா’ என்று முடிந்தால்

இனிமேல் பொண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் எடுத்தேன்.

என் பேர் சேரன். பேரில்தான் ராஜா, அரிமளத்து வீட்டில் கப்பம் கட்டும் சிற்றரசன். புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மனைவி தேவிப்ரியா ஊரில் தமிழ் டீச்சர். அவள் மெசேஜுக்கு உடனே பதில் போகாவிட்டால், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கவே எனக்குக் கால் வராது.

அதனால் ஒரு புரோகிராம் எழுதினேன். அதில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு சங்கதி. இன்ன எழுத்தைத் தேடு என்றால், எந்த வாக்கியத்துக்குள்ளும் புகுந்து பிடித்துவிடும். விதிகள் வைத்தேன். அவள் மெசேஜில் ‘வா’ இருந்தால், ‘இதோ வாரேன்ம்மா’. ‘ஏன்’ இருந்தால், ‘தப்புதாம்மா’. ‘லாமா’ என்று முடிந்தால், ‘சரிம்மா, ஒன் இஷ்டம்’. என் போனிலிருந்து பதில் தானாகப் போகும்.

கொஞ்ச நாள் நிம்மதியாக டீ குடித்தேன். ஒருநாள் போனைத் திறந்து பார்த்தேன்.

‘அடைக்கலம் வீட்டு வாத்து செத்துப்போச்சு.’

‘இதோ வாரேன்ம்மா.’

வாத்து செத்ததற்கு நான் எதற்கு? கீழே இன்னும் இருந்தது.

‘வானம் இருட்டுது.’

‘இதோ வாரேன்ம்மா.’

‘வாந்தி.’

‘இதோ வாரேன்ம்மா.’

சோதித்துப் பார்த்திருக்கிறாள்! வீட்டுக்குப் போனேன். திட்டினால் தாங்கலாம். காப்பி கொடுத்துச் சிரித்தாள்.

“இங்கிட்டு வந்து உக்காருங்க. அது என்ன விதி?”

“எ... எந்த விதி?”

“வாத்துக்கும் வாரேன், வாந்திக்கும் வாரேன். ‘வா’ன்னு இருந்தா வாரேன்னு சொல்லும். அப்படித்தானே?”

“அது... ரெகுலர் எக்ஸ்பிரஷன், தேவி.”

“அதான் தெரியுதே. ஒங்க மூஞ்சியில ரெகுலரா இருக்குற எக்ஸ்பிரஷன்தானே!”

போனை நீட்டினாள்.

“எங்க அண்ணன் குடும்பம் லீவு முழுக்க இங்க தங்கலாமான்னு கேட்டேன். ‘சரிம்மா, ஒன் இஷ்டம்’னு சொல்லிருக்கீங்க. கார்முகில் அண்ணன் கெளம்பிட்டாங்க.”

“தேவி, அது நான் சொல்லலையே...”

“பின்னே? ஒங்க போனு பேய் பிடிச்சுப் பேசுதா?”

பின்கட்டுக்குப் போய் விதியை மாற்றினேன். இனி ‘லாமா’ என்று முடிந்தால், ‘அதெல்லாம் வேணாம்மா’. நேருக்கு நேர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. புரோகிராமுக்கு இருக்கிறது.

மறுநாள் ஆபீசில் போன் கத்தியது. பாதிக் கண்ணால் பார்த்தேன்.

‘பட்டுச்சேலை எடுக்கலாமா?’

‘அதெல்லாம் வேணாம்மா.’

ஜெயித்துவிட்டேன்! ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. ஒரு புள்ளிகூட அனுப்பவில்லை. தமிழ் டீச்சர் யோசிக்கிறாள் என்றால் பையன்களுக்கே காய்ச்சல் வரும்.

சாப்பாட்டு நேரத்தில் வந்தது:

‘நம்ம வீட்டுச் சமையலை இனிமே நானே பண்ணலாமா?’

நான் போனை எடுத்து அணைப்பதற்குள், என் பெயரில் பதில் போய்விட்டது.

‘அதெல்லாம் வேணாம்மா.’

இப்போது அடுப்படியில் நான். கார்முகில் மச்சானுக்குத் தோசை முறுகலாக வேண்டுமாம்.