கரமனைக்கு வந்த நீதி

மாப்பிள்ளை குற்றாலலிங்கத்துக்கு, கரமனையிலிருந்து உன் அத்தான் சிவதாணு ஆசி கூறி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மகள் ஜானவிதான் கல்யாணமாகிப் புனே போய்விட்டாளே, மூன்றாவது யார் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஆபீஸ் கட்டடத்தின் உச்சியில் நான்கு சிமெண்ட் பெண்கள் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். நீதி, கல்வி, தொழில், விவசாயம் என்று பெயர். மராமத்துக்காக இறக்கிவிட்டார்கள், இறக்கிய பிறகுதான் வைக்க இடமில்லை என்று தெரிந்தது. கல்வி இப்போது கேன்டீனில் நிற்கிறாள், அவள் விரித்த புத்தகத்தின் மேல் டீ கிளாஸ் வைக்கிறார்கள். தொழிலின் பல்சக்கரத்தில் ஹெல்மெட் தொங்குகிறது. விவசாயம் ஷெட்டில் மல்லாந்து கிடக்கிறாள். நீதியை மட்டும் செக்‌ஷன் ஆபீசர் கிரீஷ் என் தலையில் கட்டிவிட்டான். "ஒரு ஆழ்ச்ச மதி, சாரே" என்று மலையாளத்தில் சொன்னான். ஒரு வாரம் போதுமாம், நாலு மாதம் ஆகிறது. பழைய பாசத்தில் நானும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் அக்கா உலகம்மாள் அவளைப் பார்த்ததும், "இந்தப் பிள்ளைக்குக் கண்ணுல என்ன, ஆபரேஷனா?" என்று கேட்டாள். நீதி என்றால் கண் கட்டியிருப்பது வழக்கம் என்றேன். "நல்ல வழக்கம். வயசுப் பிள்ளைய மொட்டை மாடியில கண்ணைக் கட்டி நிறுத்தியிருக்காங்க, நீங்களும் முப்பது வருஷமா அதுக்குக் கீழ போய்ட்டு வந்திருக்கீங்க" என்றாள். சிமெண்ட் கட்டு என்பதால் தப்பித்தது, துணியாக இருந்தால் அன்றே அவிழ்த்திருப்பாள். தோள் தெரிகிறது என்று ஜானவியின் தாவணியைப் போர்த்தினாள். இப்போது காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் நீதியின் காலடியில்தான், என்னைப் பற்றிய குறைகளெல்லாம் அங்கேதான் போகின்றன.

மராமத்து முடிந்து போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லாரி வந்தது. "வெள்ளிக்கிழமை வீட்டுப் பொண்ண அனுப்புற வழக்கம் எங்களுக்குக் கிடையாது" என்று உலகம்மாள் வாசலை மறித்துவிட்டாள். டிரைவர் இசக்கி நம்ம பக்கத்து ஆள், "அது சரிதாம்மா" என்று காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை வந்தான், செவ்வாயும் ஆகாதாம். அடுத்தது அஷ்டமி. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் பொண்ணு தாய்வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். இப்போது எனக்கு மெமோ வந்திருக்கிறது. வருகிற புதன்கிழமை ஒப்படைக்காவிட்டால் விளக்கம் எழுதித் தர வேண்டும். சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன், ரிட்டயர் ஆகி நீதியைப் பதுக்கியவன் என்று பேர் வாங்கப் போகிறேன். உன் அக்காவிடம் கண்டித்துச் சொல்லவும் வாய் வரவில்லை. ஜானவி போன பிறகு இந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசிக் கேட்பதே இப்போதுதான், எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதனால் நீ செவ்வாய்க்கிழமையே வந்து, தம்பி என்ற முறையில் பக்குவமாக எடுத்துச் சொல்.

உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன் அத்தான்,
சிவதாணு

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது, இசக்கியும் வந்துவிட்டான். உலகம்மாள் இந்தத் தடவை வாசலை மறிக்கவில்லை. மெமோவை அவளே எடுத்துப் படித்திருக்கிறாள். நீதிக்குப் பூ வைத்து, குங்குமம் இட்டு, "போய்ட்டு வா மக்ளே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான்தான் இசக்கியிடம், ரசீதில் சீல் இல்லை, நகல் மூன்று வேண்டும், காசர்கோட்டுக்கு மாற்றலாகிப் போன கிரீஷ் நேரில் வராமல் ஒப்படைக்க விதியில்லை என்று சொல்லி லாரியைத் திருப்பி அனுப்பினேன். நீ வர வேண்டாம். அப்படியொரு விதி இருக்கிறதா என்று இசக்கி கேட்டான். நீதியின் பக்கத்தில் நின்றுகொண்டே, இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.