ஏழரை மாதத்து மங்கு

பக்தி இருக்கிறவனுக்குக் காது சரியாகக் கேட்காவிட்டாலும் குற்றமில்லை என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்து நாலு நடந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் காணை கிராமத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் பெண் பார்த்து, எங்கள் பக்கம் சம்மதம் சொல்லியாகிவிட்டது. (நான் எப்போதோ சொல்லிவிட்டேன், கேட்பார்தான் இல்லை.) ஒரு மாதம் கழித்துப் பெண்ணின் அப்பா வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து என் இரண்டு கன்னத்திலும் அடுப்புக்கரியை அப்பினது போலக் கறுப்புத் திட்டு. தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் போகவில்லை. இந்த முகத்தைக் கண்டால் பெண் கொடுப்பார்களா என்று பயந்து, விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன்.

அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது மங்கு. சூரியன்தான் காரணம். கரையறதுக்கு ஏழெட்டு மாசம் ஆகும்" என்றார். வெள்ளைக் களிம்பு ஒரு டப்பா கொடுத்து, வெயிலில் இறங்கும் முன்னால் பூசு, குடை பிடி, தலைத்துண்டை முகத்துக்கு இறக்கிக் கட்டு என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் எங்கே கேட்டேன்? மங்கு என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

எனக்குத் தெரிந்த மங்கு ஒன்றே ஒன்றுதான். முதல் சுற்றில் பிடிக்கிற ஏழரைச் சனி, மங்கு சனி. டாக்டர் ஏழெட்டு என்றது என் காதில் ஏழரை என்று விழுந்தது. சூரியன்தான் காரணம் என்றாரே, அதுவும் பொருந்தியது. சனி பகவானுக்கு அப்பா சூரியன். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஆகாது. அவர்கள் வீட்டுச் சண்டையில் என் கன்னம் கறுத்திருக்கிறது. இங்கிலீஷ் படித்த டாக்டருக்கு இவ்வளவு சாஸ்திரம் தெரிந்திருக்கிறதே என்று மனம் குளிர்ந்து, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பரிகாரத்தில் குறை வைக்கவில்லை. சனிக்கிழமைதோறும் திருவாமாத்தூர் ஈசன் கோயிலுக்குக் காலில் செருப்பில்லாமல், தலையில் துணியில்லாமல் நடந்து போய் எள் விளக்கு ஏற்றினேன். மகனை மட்டும் கவனித்தால் போதுமா? அப்பாவுக்காகத் தினமும் உச்சிவேளையில் களத்துமேட்டில் நின்று, கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டி அரைமணி நேரம் கும்பிட்டேன். சனிக்கு உகந்தது நல்லெண்ணெய் என்று கன்னத்தில் அதையும் தடவிக்கொண்டு நின்றேன். (அப்பளத்தையாவது ஒரு பக்கம் பொரிந்ததும் திருப்பிப் போடுவார்கள்.) களிம்பு டப்பாவைப் பூஜை மாடத்தில் வைத்து அதற்கும் சூடம் காட்டினேன். திறக்கத்தான் இல்லை.

மாதம் முடிவதற்குள் இரண்டு கன்னத்துக் கறுப்பும் மூக்கைத் தாண்டி ஒன்று சேர்ந்துவிட்டன.

பெண்ணின் அப்பா தன் தங்கையோடு வந்தார். அந்த அம்மாள் நாலு பிள்ளை பெற்றவர், யாருக்கும் வாய் அடங்காதவர். வீடு பார்க்க வந்த மனிதர் வீட்டைப் பார்க்கவே இல்லை.

"மாப்ள மூஞ்சில இன்னாங்க அது?" என்று என் அம்மாவைக் கேட்டார்.

பொய் சொன்னால் சனி பகவான் விடமாட்டார் என்று நானே முந்திக்கொண்டேன். "மங்குங்க. ஏழரை முடியற வரைக்கும் இருக்குமாம்."

காபித் தம்ளரைக் கீழே வைத்தார். கொடுத்த ஜாதகத்தில் ஏழரை இல்லையே, மறைத்துவிட்டீர்களா என்று கேட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் கல்யாணமே எழுந்து வாசலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறைக்கலீங்க மாமா. ஜோசியர் சொல்லல. டாக்டருதான் சொன்னாரு."

மாமா அப்படியே நின்றார். டாக்டர் எதற்கு ஏழரை பார்க்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் தங்கைக்கு விளங்கிவிட்டது. எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உக்காரு அண்ணே. இது சனியும் இல்ல, பூதமும் இல்ல. மூஞ்சில வர்ற மங்கு. நான் மாசமா இருக்கசொல்ல வெயில்ல களை எடுத்துக்கினு இருந்தேனே, எனக்கும் வந்துச்சே, நீ பாக்கல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, உங்களுக்கு இது எத்தினி மாசம்?"

நான் இன்னும் பஞ்சாங்கத்தை விட்டு இறங்கவில்லை. பணிவாக, "ஏழரைங்கம்மா" என்றேன்.

மாமா திரும்ப உட்கார்ந்து வாயில் வைத்த காபி, சிரித்த சிரிப்பில் புரையேறியது. ஆனால் கறாரான மனிதர். மறுநாளே என்னை அதே டாக்டரிடம் அழைத்துப்போய், டாக்டர் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார். முகம் தெளிந்த பிறகுதான் முகூர்த்தம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். டப்பா மாடத்திலிருந்து இறங்கியது. வெள்ளை மூஞ்சியும் கறுப்புக் குடையுமாக மல்லாட்டைக் காட்டில் நின்றேன். சனி பகவானின் வாகனம் என்று கூப்பிட்டுச் சோறு வைத்த காக்கைகள் என்னைக் கண்டு அலறிப் பறந்தன. அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது, ஈசன் புண்ணியத்தில். (களிம்புக்கும் கொஞ்சம் புண்ணியம் உண்டு.) இப்போது எண்பது தாண்டிவிட்டேன். திண்டிவனத்து உறவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், என் பேரன் வயதுப் பிள்ளைகள் ஓடி வந்து முதல் நாற்காலியை எனக்குத்தான் போடுகிறார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம்.

"புள்ளத்தாச்சி நிக்கக் கூடாது தாத்தா, உக்காருங்க" என்கிறார்கள்.