கரடி கடைக்குக் கேபிள் வந்த கதை

ஒரு காட்டில், சிங்கராஜாவின் பிறந்தநாளுக்கு முதல் நாள், பேனர் கடை வைத்திருந்த மாசிலாமணி என்ற கரடி பரபரவென்று வேலையில் இறங்கியது. ராஜாவின் இருபதடி பிளெக்ஸ் பேனர் அதன் பொறுப்பு. போன வருஷம் அந்த வேலையை எடுத்தது ஓர் ஆடு. பேனர் தாமதமாக வந்தது. விருந்து மட்டும் நேரத்துக்கு நடந்தது. இலையில் இருந்தது அந்த ஆடுதான்.

கரடியின் கம்ப்யூட்டர் குகையில், பெரிய பிரிண்டர் ஓடைக்கு அந்தப் பக்கம். படத்தைப் பென் டிரைவில் போட்டால் ஆமைதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது போய்ச் சேர்வதற்குள், கல்யாணத்துக்குப் பேனர் சொன்னவர்கள் குழந்தையின் காதுகுத்துக்கு வந்து நிற்பார்கள். இந்த முறை அந்த விஷப்பரீட்சை வேண்டாமென்று, கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்கு நேராகக் கேபிள் போட ஒரு குரங்கைக் கூப்பிட்டது கரடி.

குரங்கு வேலைக்காரன்தான். மரத்துக்கு மரம் தாவிக் கேபிளை இழுத்தது. பிரிண்டருக்கு விலாசம் மாதிரிப் புள்ளி வைத்த ஒரு நம்பர் கொடுத்து, அதைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிவைத்தது. ராகுகாலம் முடிந்ததும் கடைசி முனையை முதலாளி கையாலேயே செருகச் சொல்லிவிட்டுப் போனது.

புது வேலையைப் பூஜை போடாமல் தொடங்கலாமா? கரடி சந்தனம் குழைத்தது. கேபிள் செருகும் ஓட்டை பிரிண்டரின் நடு நெற்றியில் லட்சணமாக இருந்தது. அங்கேயே பொட்டு வைத்தது. கரடிக் கை என்ன சின்னக் கையா? ஓட்டை நிரம்பி வழிய, அதன் மேலேயே கேபிளைச் செருகிக் கும்பிட்டது.

ராஜா படம் போகவே இல்லை. கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிக் கரடிக்கு விரல் வீங்கியது. திரும்பி வந்த குரங்கு கேபிளை உருவிப் பார்க்கக் கை நீட்டியது. பூஜை போட்டதை உருவக் கூடாதென்று கரடி தடுத்துவிட்டது. சரி, மிஷினாவது உயிரோடு இருக்கிறதா பார்ப்போம் என்று பிரிண்டரிலேயே ஒரு பட்டனை அமுக்கியது குரங்கு. இருபதடிக்குச் சோதனைப் பக்கம் வந்து விழுந்தது. கலர் கலராகப் பட்டைகள், அடியில் புள்ளி வைத்த எண்கள்.

"மிஷின் நல்லாத்தாண்ணே இருக்கு," என்றது குரங்கு.

அதற்குள் ராஜாவின் செயலாளர் நரி வந்து, என்னவென்றுகூடப் பார்க்காமல் அதையே பேனரென்று சுருட்டிக்கொண்டு போய் மேடையில் கட்டிவிட்டது.

ராஜா நிமிர்ந்து பார்த்தது. தன் முகத்தைக் காணோம். பாவம், கரடிக்கு இலை போடும் சத்தம்கூடக் கேட்டது.

"என்னய்யா எழுதியிருக்கு?" என்றது ராஜா. அதற்குப் படிக்கத் தெரியாது. நரிக்கும் தெரியாது, ஆனால் பதில் தெரியாமல் அது என்றைக்கும் நின்றதில்லை.

"நீங்க ஜெயிச்ச ஓட்டு வித்தியாசம், மகாராஜா. எண்ணி மாளாம நடுநடுவே புள்ளி வச்சிருக்காங்க."

"எதிர்த்து நின்னது யாரு?"

"யாருமே இல்லீங்க."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. காடே கைதட்டியது. பள்ளிக்கூடம் போன ஒரு மான் மட்டும் முன்னால் வந்து, இது பிரிண்டரின் சோதனைப் பக்கமாயிற்றே என்று பணிவாக எடுத்துச் சொன்னது.

விருந்து நேரத்துக்கு நடந்தது. கரடி மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

நீதி: பிரிண்டருக்குத் தாராளமாகப் பொட்டு வையுங்கள், படிக்கத் தெரிந்தால் வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள்.