கால் படாத மேடை

மேடையில் யாரும் கால் வைக்கவில்லை.

பலகைகள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ஒரு மரக்குழாய். மிதித்தால் ஒரு சுரம் எழும். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் சுற்றியுள்ள பைன் காடே பாடும். ஐலா வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து உருவாக்கிய மேடை அது. திறப்பு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. வந்த ஊர் மரங்களோடு மரமாக ஓரத்தில் நின்றது.

"ஏறி மிதிங்க! இது உங்க மேடை!" என்று கையை வீசி அழைத்தான் எஸ்கோ. நகராட்சியில் கலை நிகழ்ச்சிகளைக் கவனிப்பவன். ஐலாவுக்குப் பள்ளிக்கூடத்து நண்பன்.

கூட்டம் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டது.

"நீயே மிதிச்சுக் காட்டு," என்று ஐலாவிடம் கிசுகிசுத்தான் எஸ்கோ. "நம்ம ஆளுங்க பஸ்ல பக்கத்து சீட்டு காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டே போறவங்க. முதல் ஆளா எவன் ஏறுவான்?"

ஐலா ஏறி நடந்து காட்டினாள். குழாய்கள் ஒலித்தன. கூட்டம் கேட்டது, தலையசைத்தது, கலைந்து போனது.

மறுநாள் 'தயவுசெய்து மிதியுங்கள்' என்று அறிவிப்புப் பலகை எழுதி நட்டாள். சாயங்காலம் வந்தவர்கள் அதை நிதானமாகப் படித்தார்கள். காலணியைப் புல்லில் நன்றாகத் துடைத்தார்கள். துடைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஐலா மறுபடி மிதித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

பிறகு நடைபாதையின் குறுக்கே சில பலகைகளைப் பதித்தாள். இனி மிதிக்காமல் எப்படிப் போவார்கள்? போனார்கள். புளூபெரிச் செடிகளுக்குள் புகுந்து, உடையில் கறை பட்டாலும் பரவாயில்லை என்று சுற்றிக்கொண்டு போனார்கள். செடிகள் நாசமாகின்றன என்று வனத்துறையிலிருந்து புகார் வந்தது. செடிகளைக் காக்கக் கயிறு கட்டினாள். அவ்வளவுதான், கயிற்றுக்குப் பின்னால் ஊர் வரிசைகட்டி நின்றுவிட்டது. சிலர் மடக்கு நாற்காலியும் கொண்டுவந்தார்கள்.

"வேடிக்கை பாக்க வர்றாங்கடா," என்றாள் ஐலா. "ஒரு கிறுக்கி தினமும் காட்டுல குதிக்கிறாள்னு."

எஸ்கோ காப்பிக் குடுவையைத் திறந்தபடி தயங்கினான். "இன்னொண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதே. கோடை முடியறதுக்குள்ள மக்கள் ஏறலைன்னா பிரிச்சுடலாம்னு பேசிக்கறாங்க."

"பிரிச்சு?"

"சவுனாக் குளியலறை கட்டுவாங்களாம். மரம் நல்ல மரமாம். உக்காந்தா நல்லா வேர்க்குமாம்."

"எனக்கு இப்பவே வேர்க்குது."

சிரித்துவிட்டாளே தவிர, அந்தப் பேச்சு உள்ளே போய்த் தைத்தது. இசைக்கல்லூரியில் படித்த காலத்தில், தேர்வு மேடையில் பியானோவுக்கு முன் உட்கார்ந்தவள், எதிரே இருந்த முகங்களைப் பார்த்த நொடியில் விரல்கள் மரத்துப்போய் எழுந்து ஓடியவள் ஐலா. அதன்பின் அவள் யார் முன்னாலும் வாசித்ததில்லை. மற்றவர்களுக்கு மேடை கட்டிக் கொடுப்பதே பிழைப்பாயிற்று. அதனால்தான் இப்படி ஒன்றை யோசித்தாள். வாசிப்பவர், கேட்பவர் என்ற பிரிவே இல்லாத மேடை. யாரும் யாரையும் உற்றுப் பார்க்காத மேடை. தன்னைப் போல் ஓடிப்போனவர்கள் மெல்லத் திரும்பி வரட்டும் என்று நினைத்தாள். அவர்களோ கயிற்றைத் தாண்டக்கூட மாட்டேன் என்கிறார்கள்.

அன்று சாயங்காலம் மழை தூறியது. குடையோடு வந்து நின்றார்கள். முன்னைவிடக் கூட்டம் அதிகம். ஐலாவுக்குப் பொறுக்கவில்லை. பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். விளக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை. வெறுங்காலோடு ஓடினாள். அடிக்குரல் பலகைகளில் கோபத்தை மிதித்தாள். கோபம் தீர்ந்ததும் உச்சக்குரல் பலகைகளில் மெதுவாக நடந்தாள். ஈரமரம் வேறொரு குரலில் பேசியது. எதிரே முகங்கள் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. கடைசிச் சுரம் மரங்களுக்குள் போய் அடங்கியபோது, முகத்தில் வழிந்தது மழையா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை.

யாரும் அசையவில்லை. பிறகு ஒவ்வொருவராக, காலடிச் சத்தம் கேட்காமல் நடந்து போனார்கள்.

ஒரு அம்மாள் மட்டும் நின்றாள். கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு கிண்ணம் புளூபெரி கொடுத்தாள்.

"களைச்சுப் போயிட்டியேம்மா, சாப்பிடு."

ஐலா வாங்கிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ஏன் உங்கள்ல ஒருத்தர்கூட இதுல ஏற மாட்டேங்கறீங்க?"

அந்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நல்லாக் கேட்டே போ! தினமும் நீ இவ்வளவு உருகிக் கச்சேரி பண்றப்போ, நடுவுல ஏறி மிதிக்க நாங்க என்ன இங்கிதம் தெரியாதவங்களா?"