புருவம் தூக்கினால் மகிழ்ச்சி

"எங்கே, இன்னொரு தடவை. நான் புருவத்தைத் தூக்கினா?"

"மகிழ்ச்சி சார்."

"கண்ணை மூடினா?"

"சோகம்."

"உதட்டைக் கடிச்சா?"

"கோபம்."

பாட்டு வாத்தியார் திருப்தியாக வயலினைத் துடைத்தார். பள்ளி ஆய்வாளரம்மா இதோ வந்துவிடுவார். மெட்டு எப்படி உணர்ச்சியைச் சொல்கிறது என்பது பாடம். வாத்தியார் வாசிப்பதைக் கேட்டுப் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிட்டால் பாட்டு வகுப்பு பிழைக்கும். தப்பாகச் சொன்னால் அந்த நேரத்தை அப்படியே கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அந்த மனுஷன் இப்போதே சாக்பீஸ் பெட்டியோடு வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தார்.

நேர்மையாக நடத்திப் பார்க்காமல் இல்லை. போன வாரம் எதை வாசித்தாலும் வகுப்பு முழுக்க ஒரே பதில்தான்: "தூக்கம் வருது சார்." அதற்கப்புறம்தான் இந்த முகக்குறி ஏற்பாடு. பிள்ளைகளுக்கு இசை ஞானம் இல்லாவிட்டால் போகிறது, தனக்கு முகம் இருக்கிறதே என்று வாத்தியார் தெம்பாக இருந்தார்.

ஆய்வாளரம்மா வந்தார். கேட்காமல் கொள்ளாமல் வாத்தியாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் நிற்க இடம் தேடி, காற்றாவது வரட்டும் என்று ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார். வெயில் முதுகில் சுள்ளென்று விழுந்தது.

"வாசிங்க. என்ன உணர்ச்சின்னு பசங்க சொல்லட்டும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"வாய் எதுக்கும்மா? வயலின் பேசும்."

துள்ளலான மெட்டை எடுத்தார். வராந்தாவில் சாக்பீஸ் பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டதும் வில் பிடித்த கை லேசாக உதறியது. ஆனால் புருவம் உதறவில்லை. தலைமுடியைத் தொடும்வரை தூக்கினார்.

வகுப்பு யோசித்தது.

"பயம் சார்," என்றாள் முதல் பெஞ்சு வாயாடி. "ஆமா, பயம்," என்றது மற்ற கூட்டம்.

பயத்துக்கு அவர் குறியே வைக்கவில்லை. அளவுக்கு மீறித் தூக்கியதில் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார். வாயாடியை வெளுக்க வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சோக மெட்டுக்குப் போனார். இந்த முறை சந்தேகமே வரக் கூடாதென்று கண்ணை இறுக்கி மூடினார்.

"கோபம் சார்."

ஆய்வாளரம்மா பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தார். "என்ன, பல் வலியா?"

"இல்லம்மா, பாவம். பாவத்தோட வாசிக்கிறேன்."

"பாவம்தான்," என்றார் அவர்.

வாத்தியார் வயலினை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். இத்தனை வருஷத்துப் பாட்டு, இன்றோடு கூட்டல் கழித்தலுக்குள் போய்விடும். இருந்தாலும் மிச்சமிருந்த கோப மெட்டை எடுத்து, ரத்தம் வருமளவுக்கு உதட்டைக் கடித்தார்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"சோகம் சார்," என்றாள் வாயாடி மெதுவாக. "ரொம்ப சோகம்."

"நீங்க என்னென்ன வாசிச்சீங்க?" என்று கேட்டார் ஆய்வாளரம்மா.

"மகிழ்ச்சி, சோகம், கோபம்."

"ஒண்ணு கூட சரியில்லையே."

கணக்கு வாத்தியார் கதவுக்குள் ஒரு காலை வைத்தே விட்டார். அதைப் பார்த்ததும் பாட்டு வாத்தியாருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. யார் எதிரில் நிற்கிறோம் என்பதே மறந்து வாயாடியிடம் பாய்ந்தார்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே, என் மூஞ்சியைப் பார்த்து பதில் சொல்லுங்கன்னு. பார்த்தீங்களா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆய்வாளரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

வாயாடியும் எழுந்து நின்றாள்.

"மூஞ்சி எங்க சார் தெரிஞ்சுது? ஜன்னல் வெயில்ல நீங்க ஒரே கறுப்பாத்தான் இருந்தீங்க. வேற வழியில்லாம வயலினைக் கேட்டு, உள்ள உங்களுக்கு என்ன பண்ணுதோ அதைச் சொன்னோம்."