காளியப்பனுக்கு உங்கள் மடத்தில் ஓர் இடம்

ஏற்காடு,
14-7-1996, ஞாயிறு.

கடவுளுக்கென்று உன்னைக் கொடுத்துவிட்ட குடும்பத்தில் மூத்தவனாகப் பிறந்த பெரியநாயகம், தங்கை சிஸ்டர் சாந்தாமேரிக்கு ஆசீர் கூறி எழுதுவது.

ஆண்டவர் இரக்கத்தால் நீயும் மடத்துத் தாய்மார்களும் சுகமாக இருப்பீர்கள். உங்களுக்கென்ன, மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் சாப்பாடு. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மடத்து முதியோர் இல்லத்தில் உடனே ஒரு கட்டில் வேண்டும். எனக்கில்லை. என் வீட்டு முன்னறையில், என் கட்டிலில், என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாலு மாதமாகப் படுத்திருக்கிற காளியப்பனுக்கு.

எந்தக் காளியப்பன் என்று உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. எழுபத்து நான்காம் வருஷம், ஆனி மாதம். எஸ்டேட்டில் நான் கணக்கெழுதுகிற ரைட்டர், அவன் ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. கரடியூர் வேலுசாமி ஈர மரத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பும் காலும் முறிந்துபோனான். மேனேஜர் துரை விசாரணை வைத்து, மழை நாளில் ஆளை மரத்தில் ஏற்றச் சொன்னது யார் என்று கேட்டார். இந்தக் காளியப்பன் முன்னால் வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ரைட்டரய்யாதானுங்க ஏத்தச் சொன்னாரு" என்றான். அத்தனை பேர் முன்னால். பத்து வருஷம் என் வீட்டில் காப்பி குடித்தவன். நான் இல்லை என்றேன். யாரை நம்புவது என்று தெரியாமல் துரை இரண்டு பேரையும் தண்டித்தார். அவனுக்கு மேஸ்திரி வேலை போயிற்று. என்னை அட்டைக்கடி டிவிஷனுக்குத் தூக்கிப் போட்டார்கள். ஹெட் ரைட்டராகி கோட்டு மாட்டியிருக்க வேண்டியவன், எட்டு வருஷம் காலில் உப்புத் தேய்த்துக்கொண்டு அட்டை பிடுங்கினேன். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவன் எதிரே வந்தால் நான் வேறு பாதையில் இறங்கிவிடுவேன். இரண்டு முறை பாதை இல்லாத இடத்திலும் இறங்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவனுக்கு நான் முகச்சவரம் செய்துவிடுகிறேன். காரணம் நீ.

தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் என்று உன் அண்ணி அற்புதத்தைச் சேலத்துக்கு வரவழைத்தாய். போகும்போது அவள் நல்ல மாதிரிப் பெண்பிள்ளையாகத்தான் பஸ் ஏறினாள். திரும்பி வந்தவள் வேறு ஆள். முதல் வாரம் ரேடியோவுக்கு வினை வந்தது. ஆறரை மணிச் செய்தி நேரத்தில்தான் குடும்ப ஜெபம் என்றாள். குடும்பம் என்பது நாங்கள் இரண்டே பேர். மகன் பெங்களூரில், மகள் திண்டுக்கல்லில். இரண்டு பேர் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொன்னால் ஒருவர் தூங்கினாலும் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் வாரம், மகள் பின்னி அனுப்பிய என் புது ஸ்வெட்டர் காணவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சு விற்கிறவன் அதைப் போட்டுக்கொண்டு எனக்கே ஒரு கும்பிடு போட்டான். இரண்டு வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு என்று வேதம் சொல்கிறதாம். மூன்றாம் வாரம் என்னைப் பற்றி யாரிடமும் குறை சொல்வதில்லை என்று ஒறுத்தல் விரதம் எடுத்தாள். அந்த ஒரு வாரம் மட்டும் உன் தியானத்தை நான் வாழ்த்தினேன். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

காளியப்பனுக்குப் பக்கவாதம் வந்து, தலைச்சோலையில் கூலிக்காரர் லைன் வீட்டில் தனியாகக் கிடந்திருக்கிறான். மனைவி செத்து வருஷமாகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் கஞ்சி ஊற்றிப் பார்த்திருக்கிறாள், அவளும் எத்தனை நாள் பார்ப்பாள். இதைச் சந்தையில் கேள்விப்பட்ட உன் அண்ணி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஜீப் பிடித்துப் போய் அவனை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நான் வாசலில் நின்று இது யார் என்று கேட்டேன். யார் என்று எனக்குத் தெரியும்.

"ஏனுங்க, மழ தூறுது, கால் பக்கம் நீங்க புடிங்க" என்றாள்.

ஜீப் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு மரியஜோசப் குடும்பமே வாசலுக்கு வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்கும்போது ஒரு கிறிஸ்தவன் என்ன செய்ய முடியும், பிடித்தேன். அன்று பிடித்த கால்தான், இன்று வரை விடவில்லை. காலையில் பெட்பேன் நான், மத்தியானம் புரட்டிப் போடுவது நான், முதுகுக்குப் பவுடர் போடுவது நான். கஞ்சி மட்டும் ஆளுக்கொரு வேளை. அவளுக்கு முட்டி வலியாம், குனிய முடியவில்லையாம். முட்டி வலிக்கிறவள் எதற்கு ஜீப் பிடித்து ஆள் ஏற்ற வேண்டும் என்று கேட்டால் ஒறுத்தல் என்கிறாள். ஒறுத்தல் அவளுடையது, முதுகு என்னுடையது. வந்தபோது குச்சி மாதிரி இருந்தான். இப்போது கன்னத்தில் சதை வைத்துவிட்டது. நான் இரண்டு ஓட்டை தள்ளி பெல்ட் போடுகிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறு. வியாதியில் அவனுக்குப் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம், "சரிங்க." பசிக்கிறதா என்றால் சரிங்க, பசிக்கவில்லையா என்றாலும் சரிங்க. அவன் என்றாவது என்னிடம் வந்து, ரைட்டரய்யா, அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தலைகுனிய வேண்டும் என்பதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். அப்போது என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தேன். ஒரு நாள் அற்புதம் ரேஷன் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "காளியப்பா, அன்னைக்கி நீ செஞ்சது தப்புதான" என்றேன். "சரிங்க" என்றான். என் உடம்பே லேசானது. பிறகு ஒரு சந்தேகம் வந்து, "அப்ப என் பேர்லதான் தப்புங்கறயா" என்றேன். அதற்கும் "சரிங்க" என்றான், அதே முகத்தோடு. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மழை பெய்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் அதுதான். எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் எனக்கு அந்த மன்னிப்புக் கிடைக்கப்போவதில்லை, சாந்தா. ஆனால் பவுடர் மட்டும் நான்தான் போட வேண்டும்.

ஜெபத்திலும் நிம்மதி போயிற்று. ஜெபமாலையை இப்போது அவன் கட்டில் பக்கத்தில்தான் சொல்கிறோம். பரலோக மந்திரத்தில் அடுத்தவர் குற்றத்தைப் பொறுப்பது பற்றி ஓர் அடி வருமே, அந்த இடம் வந்தால் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. முதலில் வேண்டுமென்றேதான் இருமினேன், இப்போது பழகித் தானாகவே வருகிறது. நான் இருமி முடிக்கும் வரை அற்புதம் காத்திருந்து, அந்த அடியை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள்.

ஊரார் புகழ்ச்சி தனிக் கொடுமை. எங்கள் தெருக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான். வருகிறவர்கள் காளியப்பனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். திருப்பூர் மகன் ஒரு நாள் வந்தான். அழைத்துப் போவான் என்று அவசரமாகத் துணிகளை மடித்து வைத்தேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "எங்கப்பனுக்கு நீங்கதானுங்க சாமி" என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டான். மடித்த துணிகளை நானே பிரித்து வைத்தேன்.

இன்று காலைப் பூசையில்தான் எல்லை மீறிவிட்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில், பகைவனை நேசிப்பது எப்படி என்று வேறெங்கும் போய்த் தேட வேண்டாம், மூன்றாவது பெஞ்சில் இருக்கிற பெரியநாயகம் ஐயாவைப் பாருங்கள் என்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. நான் மன்னிக்கவே இல்லை, சாந்தா. ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட. மனதில் மன்னிப்பே இல்லாமல், மன்னித்தவன் என்ற பெயரோடு சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போய் வரிசையில் நின்றேன். இதற்கு நரகத்தில் தனி இடம் இருக்கிறதா என்று உங்கள் புத்தகங்களில் பார்த்துச் சொல். இவன் இங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும் எனக்குப் பாவம் ஏறுகிறது. அவன் உடம்புக்காக வேண்டாம், உன் அண்ணன் ஆன்மாவுக்காக ஒரு கட்டில் பார். உன் அண்ணிக்குத் தெரியாமல் பதில் எழுது.

மடத்துத் தலைவிக்கு என் வணக்கத்தைச் சொல். எங்களை ஜெபத்தில் மறக்காதே. சொர்க்கத்து மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன அண்ணன்,
பெரியநாயகம்.

பின்குறிப்பு, 17-7-96, புதன்: கட்டில் பார்க்க வேண்டாம்.

உன் அண்ணிக்குத் தெரியாமல் எழுதிய கடிதம் அவள் கையிலேயே அகப்பட்டது. தபால் தலை எடுக்க நான் உள்ளே போயிருந்தபோது முழுக்கப் படித்திருக்கிறாள். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவளல்லவா, இரண்டு இடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைக்கூடப் போட்டிருந்தாள். சண்டைக்கு வருவாள் என்று நின்றேன். வரவில்லை.

"எல்லாம் நொம்ப வெவரமா எழுதியிருக்கீங்க. ஆனா இத்தன பக்கத்துல ஒரு எடத்துலகூட, அவரு பொய் சொன்னாருன்னு நீங்க எழுதலீங்களே" என்றாள்.

வாங்கித் திரும்பப் படித்துப் பார்த்தேன். எழுதவில்லைதான். வேண்டுமென்று விட்டதில்லை. கை அந்தச் சொல்லுக்குப் போகவே இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து, குரல் உயராமல் சொன்னாள்: "அன்னைக்கி நனைஞ்ச சட்டையோட ஊட்டுக்கு வந்து, சோறு வேண்டாமுன்னு உக்காந்திருந்தீங்க. அவன மரத்துல ஏத்தாம இருந்திருக்கலாம்னு ஒரே ஒரு தடவ சொன்னீங்க. அப்புறம் நீங்க சொல்லவே இல்லீங்க. நானும் கேக்கல. எனக்கும் ஊடு வேணுமுங்க, புள்ளைங்க படிக்கோணுமுங்க. தியானத்துல இதைத்தான் நான் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன்."

ஆக, அவள் ஜீப் பிடித்துக்கொண்டு போனது வேதம் படித்ததால் வந்த புத்தி இல்லை. நாங்கள் கடன்பட்டிருந்த ஒருத்தனை நான் இத்தனை நாளும் விருந்தாளி என்றும் பாரம் என்றும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் துரை பார்வையிட வருகிறார், அதற்குள் அந்தப் பகுதி வேலை முடிய வேண்டும் என்று ஏற்றச் சொன்னது நான்தான். மரம் ஈரம், வேண்டாம் என்று காளியப்பன் இரண்டு முறை சொன்னான். விசாரணையில் அவன் அதைத்தான் சொன்னான். நான் இல்லை என்றேன். இதை எழுத இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, எழுதினால் நாலு வரிதான் வருகிறது.

நேற்று மத்தியானம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவனிடமே சொன்னேன். கண்ணை மூடாமல் கேட்டான். அந்தச் சொல் வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன், வரவில்லை. நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, கஷ்டப்பட்டு, நான் உதவிக்குப் போனபோது என் கையை விலக்கிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நேற்று மாலையிலிருந்து என் கையால் கஞ்சி கொடுத்தால் வாயைத் திறப்பதில்லை. அற்புதம் கொடுத்தால் குடிக்கிறான். அவளிடம் முறையிட்டேன். "அது அவரு இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டாள். பெட்பேன் மட்டும் இன்னும் என் வேலைதான், அதற்கு அவன் மறுக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றேன். இருக்கிறபடியே அனுப்பச் சொல்கிறாள். அனுப்புகிறேன்.

ஏறு என்ற என் உத்தரவு காளியப்பன் வாயிலிருந்துதான் போயிற்று, அதனால் தன்னை ஏற்றிவிட்டது அவன்தான் என்று வேலுசாமி இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறான். ஒரே மலையில் இருந்துகொண்டு அவர்கள் இரண்டு பேருக்கும் இத்தனை வருஷம் பேச்சில்லை. நாளை முதல் பஸ்ஸில் கரடியூர் போகிறேன். துணைக்கு வரச் சொன்னேன், அற்புதம் வரமாட்டேன் என்றுவிட்டாள். எனக்குத் தைரியம் கொடுக்கச் சொல்லி நீ ஜெபிக்க வேண்டாம். நான் போகிற நேரத்தில் வேலுசாமி வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள். அவன் இல்லையென்றால், இன்னொரு நாள் நான் போகமாட்டேன்.