சூடு ஆறாத ஃபைல்

மதியம் மூன்று பத்துக்கு என் கைப்பேசி அடித்தது. எல்லாம் கோணலாகப் போகத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் முதலில் எமனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரைக் கண்டு ஒருமுறையாவது வியர்க்காத வக்கீல் சிங்கப்பூரில் கிடையாது.

லிட்டில் இந்தியாவில் ஒரு மூன்றாவது மாடியில், நான் ஜூனியராக இருக்கும் வக்கீல் அலுவலகம். வழக்குகளின் கெடு தேதிகளைக் கவனிக்கும் கிளார்க்குக்கு நாங்கள் வைத்த பெயர் எமன். லிஃப்டில் நம் தோளைத் தொட்டு, "இன்னும் மூணு நாள்தான்" என்பார். வழக்கைத்தான் சொல்கிறார் என்று நமக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் கூரியர்காரருக்குத் தெரியுமா? ஒருவர் இரண்டாவது மாடியிலேயே இறங்கி, படிக்கட்டில் ஓடினார்.

எமன் கணினியை நம்பமாட்டார். ஃபைலில் காதை வைத்துக் கேட்பார். கெடு தவறிய ஃபைலின் மேல் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துவிட்டு, அன்று மதியம் பட்டினி கிடப்பார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அந்தக் கைக்குட்டை ஒருமுறைகூடத் தப்பான ஃபைலின் மேல் விழுந்ததில்லை.

அன்று அழைத்தது ஜூரோங்கில் என் மகள் படிக்கும் பள்ளி. கம்பியில் தொங்கி விளையாடும்போது விழுந்துவிட்டாளாம். பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

மேசையில் மசாலாக்கடை பாயின் ஃபைல் இருந்தது. கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வாடகைக்கு விட்ட கட்டிடக்காரர். ஒப்பந்தப்படி, பதினான்கு நாளுக்குள் பாய் நடுவர் விசாரணை கேட்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தவறினால் எதிர்த்துப் பேசும் உரிமையே போய்விடும். அன்றுதான் கடைசி நாள். காலையில் எமன் விசாரித்தபோது, பத்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம் என்ற தைரியத்தில், "அனுப்பியாச்சுண்ணே" என்றிருந்தேன்.

அனுப்பவில்லை. அது யாருக்கும் தெரியாது. மருத்துவமனையில் எனக்கே நினைவில்லை.

மறுநாள் காலை என் மேசைமேல் வெள்ளைக் கைக்குட்டை. அடியில் பாயின் ஃபைல்.

என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க தம்பி," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். எமன் வந்து, காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல் ஃபைலில் உள்ளங்கையை வைத்தார். "சூடு இருக்கு. முழுசாப் போகலை."

நானும் தொட்டேன். ஏர்கான் உறைய வைக்கும் அந்த அறையில் ஃபைல் வெதுவெதுப்பாக இருந்தது. சத்தியமாக.

"கெடு முடிஞ்சாலும் கோர்ட் நாளை நீட்டிக் கொடுக்கலாம். கொடுக்காட்டி பாய்க்கு அநியாயக் கஷ்டம்னு காட்டணும். ஏன் தவறுச்சுன்னு நீங்க சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும்."

"இமெயில் போகலைன்னு எழுதிடவாண்ணே? சர்வர் டவுன்னு சொல்லிடலாம்."

"எழுதுங்க." கைக்குட்டையின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். "வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க. அதுவும் கேட்கட்டும்."

"சர்வர்..." என்று தொடங்கி, பேனாவைக் கீழே வைத்தேன். கடைசியில் உள்ளதை எழுதினேன்: அனுப்பாததை அனுப்பியதாகச் சொன்னேன், மகளுக்குக் கை முறிந்ததில் அடியோடு மறந்தேன். கையெழுத்துப் போடும்வரை அவர் ஃபைலிலிருந்து கையை எடுக்கவில்லை.

விசாரணை நாளன்று எங்கள் சீனியர் வக்கீலோடு எமனும் கோர்ட்டுக்குப் போனார். அலுவலகத்தில் பாய் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கடை போச்சுன்னா இங்கேயே மிளகாய் அரைக்க வேண்டியதுதான். உங்க மேசை நல்லா அகலமா இருக்கு," என்றார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கதவு திறந்தது. எமன்.

"ஏழு நாள் கொடுத்திருக்காங்க பாய். அவ்வளவு எதுக்கு? வர்ற வழியிலேயே நோட்டீஸைக் கட்டிடக்காரர் கையில கொடுத்துட்டு வந்துட்டேன்."

பாய் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எமன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பாவுக்குக் கட்டு என்னைக்குப் பிரிக்கிறாங்க? தேதியைச் சொல்லுங்க தம்பி. உங்களுக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது."